காவலரும் கடிவாளமும்

உடலின் நோய் எதிர்ப்பாற்றலுக்கு அரபு மொழியில் இன்று வழங்கும் சொல் 'மனாஅத்' என்பதாகும். 'மனஅ' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. தடுத்தான், விலக்கினான், மேலே செல்லாமல் நிறுத்தினான் என்பன அவ்வினையின் பொருள்கள். பகைவர் எளிதில் நெருங்க இயலாத கோட்டையையும் அதே அடியிலிருந்து வந்த சொல்லால் அரபியர் குறிப்பர். ஐரோப்பியர் கையாளும் 'இம்யூனிட்டி' என்பதோ இலத்தீன் வழிவந்தது. பழைய உரோமில் வரியிலிருந்தும் பொதுக் கடமைகளிலிருந்தும் ஒருவர் பெற்ற விலக்கை அது குறித்தது. நம் தமிழில் நாம் 'எதிர்ப்புச் சக்தி' என்கிறோம். இம்மூன்றில் தமிழ்ச்சொல் போரை நினைவூட்டுகிறது. அரபுச் சொல்லோ நிறுத்துதலை நினைவூட்டுகிறது.

இவ்வேறுபாட்டை நாம் சொல்லாராய்ச்சிக்காக மட்டும் எடுத்துக் கூறவில்லை. சென்ற நூற்று நாற்பது ஆண்டுகளில் அறிவியல் நடந்து வந்த பாதையும் ஏறத்தாழ இதுவே. உடலைக் காக்கும் அணுக்கள் எவ்வாறு போரிடுகின்றன என்பதை அறிஞர்கள் முதலில் கண்டார்கள். அவை எவ்வாறு தடுத்து நிறுத்தப்படுகின்றன என்பதை நெடுங்காலம் கழித்தே கண்டார்கள். இரண்டாவது கண்டுபிடிப்பு முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

முன்னோர் கருத்து

யூனானி மருத்துவத்தை அறிந்த குடும்பங்களுக்குத் 'தபீஅத்' என்னும் சொல் புதிதன்று. உடலை ஆண்டு நடத்தும் இயற்கை ஆற்றல் ஒன்று உண்டு. நோயை வெல்வது அதுவே. மருத்துவன் அதற்குத் துணை நிற்பவனே என்று ஹகீம்கள் கூறுவர். 'முதப்பிரா' என்னும் அடைமொழியை அதனோடு சேர்ப்பதும் உண்டு. திட்டமிட்டு நிருவகிப்பது என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 313இல், அதாவது கி.பி. 925இல், மறைந்த அபூபக்கர் அர்ராஸி பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனி நூலே இயற்றினார். பெரியம்மைக்கு அவர் சொன்ன காரணம், இளமையின் குருதி பழச்சாறு போலப் பொங்கிப் பின் அடங்குகிறது என்பது.

இவற்றைக் கொண்டு நம் முன்னோர் உயிரணுக்களை அன்றே கண்டுவிட்டனர் என்று பெருமை பேசுவது அறிவுக்கு நேர்மை ஆகாது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அவர்கள் நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து கண்டதை எழுதினார்கள். உடலுக்குள் ஓர் ஆட்சி நடக்கிறது என்று உணர்ந்தார்கள். அந்த ஆட்சியின் அலுவலர் யாவர் என்பதை அறியும் வாய்ப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மனித குலத்திற்குக் கிட்டியது.

மெஸ்ஸினாவில் ஒரு முள்

இலியா மெச்னிக்கோவ் 1845ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள கார்க்கிவ் நகருக்கு அருகே பிறந்தவர். அவர் மருத்துவர் அல்லர், விலங்கியல் அறிஞர். ஒடெசா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1881இல் ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்புக்களால் மறு ஆண்டே பதவியைத் துறந்தார். மனைவி ஓல்காவோடும் அவருடைய இளைய உடன்பிறப்புக்களோடும் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகருக்குச் சென்று கடலோரத்தில் குடியமர்ந்தார்.

1882இன் இறுதியில் ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கசில் வித்தை காட்டும் குரங்குகளைக் காணச் சென்றுவிட்டனர். மெச்னிக்கோவ் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். நட்சத்திர மீனின் இளவுயிரி கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. அதனுள் சில அணுக்கள் தாமாகவே ஊர்ந்து திரிவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரையைச் செரிப்பதற்கென்றே அவர் முன்னர் எண்ணியிருந்த இவ்வணுக்கள், உடலுக்குள் புகும் பகையைத் தடுப்பவையாகவும் இருக்கலாமோ என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் மின்னியது. அப்படியானால் உடலில் முள் தைத்தால் அவை அதைச் சூழ்ந்துகொள்ள வேண்டும். தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைக் கொணர்ந்து இளவுயிரிகளின் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் உறக்கமில்லை. பொழுது புலர்ந்ததும் பார்த்தார்: அணுக்கள் திரண்டு முள்ளைச் சூழ்ந்து நின்றன. இவ்வுயிருக்குக் குருதிக் குழாயும் இல்லை, நரம்பு மண்டலம் என்று சொல்லத்தக்கதும் இல்லை. ஆயினும் காவல் இருந்தது.

அந்த அணுக்களுக்கு 'விழுங்கும் அணு' என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. நாம் அதனை விழுங்கணு என்போம். 1884இல் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரில் அவர் மேலும் ஒன்று கண்டார். பூஞ்சையின் வித்துக்கள் அதன் உடலில் புகும்போது விழுங்கணுக்கள் அவற்றைத் தின்று தீர்த்தால் தெள்ளு பிழைக்கிறது. வித்துக்கள் முந்திக்கொண்டு பெருகினால் தெள்ளு மடிகிறது. 1888இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையம் அவருக்கு இடம் அளித்தது. 1916இல் மறையும் வரை அவர் அங்கேயே பணியாற்றினார்.

இரு சாராரின் வழக்கு

அறிஞர் உலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. வெள்ளணுக்கள் கிருமிகளை அழிப்பதில்லை, அவற்றைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றே அன்று மருத்துவக் கல்லூரிகளில் கற்பித்து வந்தனர். போதாக்குறைக்கு 1890இல் பெர்லினிலிருந்து ஒரு பெருஞ்செய்தி வந்தது. எமில் பெரிங் என்ற ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்ற ஜப்பானியரும், தொண்டை அடைப்பான் நோயையும் இசிவு நோயையும் ஆராய்ந்து, நோய் தாங்கிய விலங்கின் குருதித் தெளிநீரிலேயே நஞ்சை முறிக்கும் பொருள் இருப்பதைக் காட்டினர். அத்தெளிநீரை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் காக்கப்பட்டது. அணு எதற்கு, நீரே போதும் என்றனர் ஒரு சாரார். 1901இல் மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்கே கிடைத்தது.

மார்க்க அறிஞர்களிடையே எழும் இக்திலாஃபை அறிந்த நமக்கு இவ்வழக்கின் போக்கு விளங்காமற் போகாது. இரு தரப்பிலும் சான்று இருக்கும்போது, பெரும்பாலும் ஒவ்வொரு தரப்பும் உண்மையின் ஒரு பகுதியைப் பற்றி நிற்கிறது. 1903இல் இலண்டனில் ஆல்ம்ராத் ரைட் என்பவரும் அவர்தம் துணைவரும் இரு பகுதிகளையும் இணைத்துக் காட்டினர். தெளிநீரிலுள்ள பொருள்கள் கிருமியின் மேல் படிகின்றன. அவ்வாறு படிந்த கிருமியை விழுங்கணு எளிதில் உண்கிறது. 1908இல் அணுவின் பக்கம் நின்ற மெச்னிக்கோவும் நீரின் பக்கம் நின்ற பால் எர்லிக்கும் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆயினும் அதன்பின் வந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வின் வேகம் எதிர்ப்பொருள்களின் பக்கமே சென்றது. ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்து மறுமுறை அடையாளம் காணும் ஈட்டிய காப்பே வியப்புக்குரியதாகத் தோன்றியது. பிறவியிலேயே அமைந்த காப்போ, கண்டதை விழுங்கும் தோட்டியாகவே எண்ணப்பட்டது.

அந்தத் தோட்டியின் பணி எத்துணைப் பெரிது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். குருதியின் வெள்ளணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒருவகை விழுங்கணுக்களே. நம் எலும்பு மச்சை நாளொன்றுக்குப் பதினாயிரம் கோடி என்னும் அளவில் அவற்றைப் படைத்து அனுப்புகிறது. சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் உழைத்து ஓய்ந்தால், அதை அகற்றி அதிலுள்ள இரும்பை மீட்டுத் தருவதும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் வாழும் பெரு விழுங்கணுவே.

காவலனின் கண்

1989இல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்னுமிடத்தில் நடந்த மாநாட்டில் யேல் பல்கலைக்கழகத்துச் சார்லஸ் ஜேன்வே ஒரு கேள்வியை எழுப்பினார். தூய்மையான ஒரு புரதத்தை மட்டும் உடலில் செலுத்தினால் காப்பு எழுவதில்லை. படிகார வகை உப்பையோ இறந்த காசநோய்க் கிருமிகளையோ கூடச் சேர்த்தால்தான் எழுகிறது. 1926இலிருந்து தடுப்பூசி செய்வோர் இதை அறிந்து பயன்படுத்தி வந்தனர். ஏன் என்று கேட்டவர் சிலரே. ஜேன்வே கூறிய விடை இது: பிறவிக் காப்பின் அணுக்கள் வெறும் தோட்டிகள் அல்ல. கிருமிக் குலங்களுக்குப் பொதுவாக உள்ள சில அடையாளங்களை அவை பார்க்கின்றன. பார்த்து இசைவு தந்த பின்னரே ஈட்டிய காப்பு எழுகிறது.

இக்கருத்தை அப்போது பொருட்படுத்தியவர் குறைவு. தாஷ்கண்டில் பிறந்து மாஸ்கோவில் பயின்றுவந்த ருஸ்லான் மெட்சிடோவ் என்னும் மாணவர் அக்கட்டுரையைப் படித்து உள்ளம் பறிகொடுத்தார். கடல் கடந்து ஜேன்வேயிடமே சென்று சேர்ந்தார். 1997இல் இருவரும் அத்தகைய கண் ஒன்றை, அதாவது மனித அணுவிலுள்ள ஏற்பி ஒன்றை, வெளிப்படுத்தினர்.

அதற்கு முந்திய ஆண்டே பிரான்சின் ஸ்டிராஸ்பூர் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் பழ ஈயில் ஓர் உண்மையைக் கண்டிருந்தனர். 'டோல்' என்னும் மரபுக்கூறு பழுதுபட்ட ஈக்கள் பூஞ்சையைத் தடுக்க இயலாமல் அதற்கு இரையாயின. 1998இல் டல்லஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரியாவின் மேலுறை நஞ்சை உணரும் ஏற்பியை எலியில் கண்டார். அது ஈயின் டோலுக்கு உறவாக இருந்தது. ஈக்கும் எலிக்கும் மனிதனுக்கும் காவற்கலை ஒரே அடிப்படையில் அமைந்திருப்பது சிந்திப்போர்க்குப் பெருஞ்சான்றாகும்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 1973இலேயே ரால்ஃப் ஸ்டைன்மன் கிளை கிளையாக நீண்ட வடிவமுள்ள ஓர் அணுவைக் கண்டு கூறியிருந்தார். பகையின் துண்டை எடுத்துச் சென்று ஈட்டிய காப்புக்குக் காட்டும் தூதன் அது. பலர் பல்லாண்டு நம்பவில்லை. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பாய்ட்லர், ஹாஃப்மன், ஸ்டைன்மன் மூவர்க்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆனால் ஸ்டைன்மன் செப்டம்பர் 30ஆம் நாளே புற்றுநோயால் மறைந்திருந்தார். மறைந்தோர்க்குப் பரிசில்லை என்பது விதி; தேர்வாளர்கள் அறியாமல் செய்த முடிவு ஆதலால் அது மாற்றப்படவில்லை.

கடிவாளம்

இனி நம் கருத்தின் மறுபாதிக்கு வருவோம். பாய்ட்லர் ஆராய்ந்த எலி ஒரு விந்தையான எலி. பாக்டீரியா நஞ்சை மிகுதியாகச் செலுத்தினாலும் அது சாவதில்லை. மற்ற எலிகள் அதே அளவில் மடிந்துவிடும். அவ்வாறாயின் அது பேறு பெற்ற எலி என்று எண்ணத் தோன்றும். ஆனால் உயிருள்ள சால்மோனெல்லாக் கிருமி சிறிதளவு புகுந்தாலும் அது இறந்துபோகும். காரணம், அதன் காவலனுக்குக் கண் இல்லை. நஞ்சு என்று நாம் அழைக்கும் பொருள் தானாகக் கொல்வதில்லை. அதைக் கண்டு வெகுண்டெழும் நம் அணுக்களின் சீற்றமே கொல்கிறது. காவலன் கண்ணிழந்தால் கிருமியால் சாவு; அளவு கடந்து சீறினால் காவலனாலேயே சாவு.

சீற்றத்தை அடக்குவது எது? 1993இல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்டர்லூக்கின்-10 என்னும் ஒரு பொருளைச் சுரக்க இயலாத எலிகளை உருவாக்கினர். அவ்வெலிகளுக்குக் குடலில் தீராத அழற்சி உண்டாயிற்று. குடலில் இயல்பாக வாழும், தீங்கு செய்யாத பாக்டீரியாக்களைப் பகையென்று எண்ணி உடல் தன்னையே புண்ணாக்கிக்கொண்டது. விழுங்கணுக்களும் சுரக்கும் பொருள்தான் அது. போர்முரசு கொட்டுபவனே போரை நிறுத்தும் அறிவிப்பையும் செய்கிறான் என்பது இதனால் விளங்குகிறது.

இதைவிட நுட்பமான பாடத்தைச் சுவீடன் நாடு தந்தது. 1975இல் ஸ்டாக்ஹோம் நகரத்து ஆய்வாளர்கள், முன்பயிற்சி எதுவுமின்றிப் புற்றணுக்களைக் கொல்லும் அணுவைக் கண்டு 'இயற்கைக் கொல்லி' என்று பெயரிட்டனர். பெயரே அச்சம் தருவது. இத்தகைய அணு நம் சொந்த அணுக்களை ஏன் விட்டுவைக்கிறது? அதே நகரில் கிளாஸ் கார்ரே என்னும் இளைஞர் தம் ஆய்வேட்டில் விடையை நேர்மாறாகத் திருப்பிச் சொன்னார். அந்நியனைக் கண்டு அது கொல்லவில்லை. 'இவன் நம்மவன்' என்னும் முத்திரையைக் காணாதபோதுதான் கொல்கிறது. 1986இல் அவரும் தோழர்களும் எலிகளில் இதை மெய்ப்பித்தனர். வைரசும் புற்றுநோயும் ஈட்டிய காப்பின் கண்ணில் மண்ணைத் தூவ இம்முத்திரையை அழித்துக்கொள்வதுண்டு. அழித்தவுடன் இயற்கைக் கொல்லியின் கையில் அகப்படுகின்றன. 1990களின் தொடக்கத்தில், முத்திரையைத் தொட்டுணர்ந்து கையைக் கட்டும் ஏற்பிகள் எலியிலும் மனிதரிலும் கண்டறியப்பட்டன.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. முத்திரை இல்லாத உடலில் வளர்ந்த கொல்லி அணு, கட்டுப்பாடின்றி வெறிகொண்டு திரியும் என்றுதானே எண்ணுவோம்? உண்மை அவ்வாறில்லை. அது சோம்பிக் கிடக்கிறது. தடுக்கும் ஏற்பியின் வழியே 'நம்மவர்' இன்னாரென்று பயின்ற அணுவே முழு ஆற்றலும் பெறுகிறது. 2005இல் இதை விளக்கிய அமெரிக்க அறிஞர்கள் இதற்கு 'உரிமம் வழங்கல்' என்று பெயரிட்டார்கள். மதரஸாவில் ஆசிரியர் மாணவனுக்கு வழங்கும் 'இஜாஸத்' நமக்கு நினைவுக்கு வருகிறது. எங்கே பேசக்கூடாது என்று அறிந்தவனுக்கே பேசும் இசைவு கிடைக்கிறது.

அளவு

இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. மூட்டுக்களை முடக்கும் வாத நோயில், விழுங்கணுக்கள் சுரக்கும் டி.என்.எஃப். என்னும் பொருள் பெருங்கேடு செய்வதை இலண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்னும் இருவர் உணர்ந்தனர். 1992இல் அதை மடக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தனர். நடக்க முடியாதிருந்த பலர்க்கு அது வாழ்வளித்தது. ஆனால் 2001இல் வேறொரு செய்தி வந்தது. இவ்வகை மருந்தொன்றை எடுத்தவர்களுள் 70 பேருக்குக் காசநோய் கண்டது. பெரும்பாலோர்க்கு அது உடலுக்குள் உறங்கிக் கிடந்த பழைய கிருமி விழித்தெழுந்ததாகவே தோன்றியது. கிருமியைச் சுற்றி வளைத்துச் சிறை வைத்திருந்த விழுங்கணுக்களின் பிடி தளர்ந்ததே காரணம். அதனால் இன்று அம்மருந்து தொடங்குமுன் காசநோய் உண்டா என்று சோதிப்பது மருத்துவர்களின் வழக்கமாயிற்று.

2020இல் கொரோனாத் தொற்று உலகை உலுக்கியபோது நம் ஒவ்வொரு குடும்பமும் இப்பாடத்தின் எதிரே நின்றது. கடுமையாக நோயுற்றோர் பலரின் நுரையீரலைச் சிதைத்ததில், வைரசோடு அவர்தம் காப்பணுக்களின் அடங்காத சீற்றத்திற்கும் பங்கிருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் பிரிட்டனில் நடந்த பெரும் சோதனை டெக்சாமெதசோன் என்னும் மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்தின் பயனைக் காட்டிற்று. செயற்கை மூச்சுக் கருவியில் இருந்தோரின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் பெற்றோரின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. பிராணவாயு தேவைப்படாதவர்க்கோ அதனால் பயன் எதுவும் இல்லை. ஒரே மருந்து, வேளையும் அளவும்தான் வேறு.

மறு ஆண்டு நம் நாட்டிலேயே இதன் மறுபக்கத்தைக் கண்டோம். இரண்டாம் அலையில் மியூகோர்மைகோசிஸ் என்னும், மக்கள் வாயில் 'கறுப்புப் பூஞ்சை' என வழங்கிய நோய் பரவியது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் மிகுதியாகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் அதற்கு வழி திறந்தன. பூஞ்சையைத் தடுக்கும் முதற்காவல் விழுங்கணுக்களே அல்லவா? அவற்றின் கை கட்டப்பட்ட இடத்தில் பூஞ்சை புகுந்தது. கண்ணை இழந்தோரும் உண்டு, உயிரை இழந்தோரும் உண்டு. 2021 மே மாதம் தமிழக அரசு அதை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக்கிற்று. ஸ்டிராஸ்பூரில் பூஞ்சைக்கு இரையான ஈ சொன்ன செய்தியை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நம் மருத்துவமனைகளின் படுக்கைகளில் கேட்டோம்.

இன்று கடைத்தெருவில் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்னும் பெயரோடு பொடிகளும் பானங்களும் விற்கப்படுகின்றன. பெருக்குவது ஒன்றே நலம் என்னும் எண்ணம் அப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. மூட்டுவாதம் உள்ள தாய்க்கும் குடல் அழற்சி உள்ள மகனுக்கும் தேவைப்படுவது பெருக்கம் அன்று, அடக்கம். காசநோய் உள்ள தந்தைக்கோ அடக்கம் தீங்கு. அவரவர்க்கு வேண்டியது எது என்பதை விளம்பர அட்டையால் சொல்ல இயலாது. எவரோ ஒருவருக்குக் கேட்ட ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்குவதும், மருத்துவர் குறைத்துக் குறைத்து நிறுத்தச் சொன்னதைத் திடீரென நிறுத்துவதும் நம் வீடுகளில் நிகழ்கின்றன. இவ்விரண்டையும் நாம் விட்டொழிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உரிய நாளில் உரிய தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும். காவலனுக்குப் பகைவனை முன்கூட்டியே, அளவோடு, ஆபத்தின்றிக் காட்டிக் கொடுக்கும் வழி அது.

முள்ளைச் சூழ்ந்த அணுக்களை மெச்னிக்கோவ் கண்டபோது, அவை எவ்வாறு திரண்டு வந்தன என்று வியந்தார். அவருக்குப் பின் வந்தோர், பணி முடிந்ததும் அவை எவ்வாறு கலைந்து செல்கின்றன என்று கேட்டனர். அக்கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைத்துவிடவில்லை. உலகின் பல ஆய்வுக்கூடங்களில் விளக்கெரிவது அதற்காகத்தான். நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் அவ்விளக்கின் முன் அமர வேண்டும் என்பது நம் அவா.